ஜெஃபர்சன் வீட்டு வம்சாவளி: தேடுபவர்கள் இடறும் இடங்கள்

வர்ஜீனியாவின் பழைய தோட்டக் குடும்பம் ஒன்றின் வம்சாவளியை எழுத நினைப்பவர்கள் முதலில் கையில் எடுப்பது உயிலையும் சர்ச் பதிவேட்டையும்தான். அவற்றோடு நின்றுவிடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. அமெரிக்காவின் மூன்றாவது அதிபர் தாமஸ் ஜெஃபர்சனின் மாமனார் ஜான் வேல்ஸ் வீட்டைப் பார்த்தால் இது புரியும்.

வேல்ஸுக்கு மூன்று திருமணங்கள். மூத்த தாரத்தின் மகள் மார்த்தாவை 1772 ஜனவரி 1 அன்று ஜெஃபர்சன் மணந்தார். மார்த்தா அப்போது பாதர்ஸ்ட் ஸ்கெல்டன் என்பவரின் விதவை. வேல்ஸ் மூன்றாவதாக மணந்த எலிசபெத்தோ அந்தப் பாதர்ஸ்டின் சகோதரர் ரூபனின் விதவை. ‘விதவை ஸ்கெல்டன்’ என்று ஓர் ஆவணத்தில் கண்டால் அவசரப்படக் கூடாது. சிற்றன்னையையும் மகளையும் ஒருவராக்கிவிடுவோம்.

உயிலில் வராத உறவு இதற்கு அடுத்தது. மூன்றாவது மனைவியும் இறந்தபின், தன் அடிமையான எலிசபெத் ஹெமிங்ஸ் மூலம் வேல்ஸுக்கு ஆறு பிள்ளைகள் பிறந்தார்கள். கடைக்குட்டி சாலி. தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை என்று வர்ஜீனியா 1662இலேயே சட்டம் போட்டிருந்தது. 1773இல் வேல்ஸ் இறக்க, ஜெஃபர்சன் பங்குக்கு வந்த 135 அடிமைகளில் ஹெமிங்ஸ் குடும்பமும் அடக்கம். ஒரே தகப்பனுக்குப் பிறந்த மார்த்தாவின் தங்கை சாலி, சொத்துக் கணக்கில் ஒரு வரியாக அவர் வீட்டுக்கு வந்தாள். ஆகவே பாகப்பிரிவினைப் பட்டியலையும் தோட்டக் கணக்கையும் படிக்காமல் இந்த வீட்டு எசமானர்களின் வம்சாவளியைக்கூட முழுதாக எழுத முடியாது.

ஜெஃபர்சனின் பண்ணைக் கணக்கில் சாலியின் பிள்ளைகள் தாயின் பெயரோடு இருக்கிறார்கள். தகப்பன் பெயர் இல்லை. அந்த வெற்றிடத்தை ‘தகப்பன் தெரியாது’ என்று படிப்பவர்கள் உண்டு. சாலியின் மகன் மேடிசன் 1873இல் ஒஹாயோ பத்திரிகை ஒன்றில் ஜெஃபர்சனே தன் தகப்பன் என்று சொல்லியிருந்தும், நூறாண்டுக்கு மேல் அது வாய்ப்பேச்சாகத் தள்ளப்பட்டது. ஜெஃபர்சனின் பேரப்பிள்ளைகள் சொன்னதும் வாய்ப்பேச்சுதான். அதை மட்டும் நம்பினார்கள்! அவர்கள் கைகாட்டியது ஜெஃபர்சனின் சகோதரி மகன்களான, ‘கார்’ என்ற குடும்பப்பெயருள்ள சகோதரர்களை.

1998இல், தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் Y குரோமோசோமை ஒப்பிடும் மரபணுச் சோதனை வந்தது. இங்கே எதிர்த்திசைத் தவறு: சோதனை சொல்லாததையும் சொன்னதாக எழுதுவது. ஜெஃபர்சனின் முறையான ஆண்வாரிசு தொடரவில்லை என்பதால், அவருடைய பெரியப்பா ஃபீல்ட் ஜெஃபர்சனின் ஆண்வழி வாரிசுகளிடம் மாதிரி எடுத்தார்கள். சாலியின் கடைசி மகன் எஸ்டனின் ஆண்வழி வாரிசோடு அது பொருந்தியது. கார் வழி பொருந்தவில்லை. ‘ஒரு ஜெஃபர்சன் ஆண்’ என்பதுவரைதான் சோதனை சொல்லும். எந்த ஜெஃபர்சன் என்பதை, சாலி கருவுற்ற காலங்களில் எல்லாம் தாமஸ் ஜெஃபர்சன் தன் தோட்ட வீடான மாண்டிசெல்லோவில் இருந்தார் என்ற குறிப்புகளோடு சேர்த்துத்தான் தீர்மானித்தார்கள்.

குடும்பப்பெயரை நம்பிப் போவதும் ஆபத்து. எஸ்டன் 1852இல் விஸ்கான்சினுக்குப் போய் ஜெஃபர்சன் என்று பெயரை மாற்றிக்கொண்டு வெள்ளையராக வாழ்ந்தார். மேடிசன் ஒஹாயோவில் ஹெமிங்ஸாகவே இருந்தார். 1850, 1860 அடிமைக் கணக்கெடுப்புகளில் அடிமைகளின் பெயரே பெரும்பாலும் கிடையாது. அதனால் பலர், விடுதலைக்குப் பின் வந்த 1870 கணக்கெடுப்பில் முன்னோரைக் கண்டதும், அதே குடும்பப்பெயருள்ள பக்கத்துத் தோட்டக்காரரையே எசமானராக்கி விடுகிறார்கள். விடுதலையானவர் எல்லாரும் கடைசி எசமானர் பெயரை எடுத்துக்கொண்டதில்லை.

உறவுமுறையில் நம் கணக்கைப் போடவும் கூடாது. ஜெஃபர்சனின் மகள் மரியா மணந்தது தன் சித்தி மகன் ஜான் வேல்ஸ் எப்பஸை. நமக்கு அண்ணன்-தங்கை முறை. அவர்களுக்கு இயல்பான சம்பந்தம். ‘ஜூனியர்’ என்று இருந்தால் மகன்தான் என்பதும் இல்லை, ஊரில் அதே பெயரில் வயது குறைந்தவராக இருந்தாலே போதும்.

தேதிக்கு ஜெஃபர்சனின் கல்லறைக் கல்லே பாடம். பிறந்த நாள் 1743 ஏப்ரல் 2, ‘பழைய முறை’ (ஜூலியன் நாட்காட்டி) என்று அதில் இருக்கிறது. இன்றைய கணக்கில் ஏப்ரல் 13. 1752க்கு முன் ஆண்டு மார்ச் 25இல்தான் பிறந்தது என்பதால், பழைய பதிவேட்டின் 1740 பிப்ரவரி நமக்கு 1741.

இடமும் அப்படித்தான். அவர் பிறந்த ஷாட்வெல் பின்னாளில் ஆல்பமார்ல் மாவட்டம். அந்த மாவட்டம் உருவானதே 1744இல். அதற்கு முந்தைய நிலப் பத்திரங்களைத் தாய் மாவட்டமான கூச்லாந்தில் தேட வேண்டும். 1770இல் ஷாட்வெல் வீடு எரிந்தபோது ஜெஃபர்சனின் காகிதங்களும் போய்விட்டதால், அந்தக் காலத்துக்கு நீதிமன்றப் பதிவுகளே பெரிய துணை.