பெங்களூர்ல நல்லா சாப்பிடணும்னா மணி பாத்து கிளம்புங்க

பெங்களூருக்கு புதுசா வேலைக்கு வர்ற நம்ம ஆளுங்ககிட்ட சாப்பாடு எப்படின்னு கேட்டா முதல்ல வர்ற புகார் சாம்பார் இனிக்குதுங்கறதுதான். ஆமா இனிக்கும், இங்க முக்காவாசி கடைல சாம்பார்ல வெல்லம் போடுவாங்க, அது அவங்க பக்குவம், நமக்காக மாத்த மாட்டாங்க. அதுக்காக தங்கியிருக்கற பிஜி ஹாஸ்டல் பக்கத்துல நம்மூர் பேர் போட்ட ஹோட்டலா தேடிப் புடிச்சு அங்கயும் அதே சாம்பார ஊத்திக்கிட்டு நொந்து போறவங்கள நிறைய பாக்கறேன், பாவமா இருக்கு. நான் அல்சூர்ல பொறந்து வளர்ந்தவ, வீட்ல தமிழ், தெருவுல கன்னடம், அதனால ரெண்டு நாக்கும் எனக்கு தெரியும். வெளிய சாப்பிட நான் எல்லாருக்கும் சொல்ற வழி ஒண்ணுதான், மணி பாத்து கிளம்புங்க, போன இடத்துல அந்த கடை எதுக்கு பேர் வாங்குச்சோ அத கேளுங்க, சாம்பாரே இல்லாத கடைல இருந்து ஆரம்பிங்க.

மணி ஏன் முக்கியம்னா இங்க பழைய கடைங்க நாள் முழுக்க திறந்திருக்காது. காலைல ஆறு ஆறரைக்கு திறந்து பதினொண்ணு பன்னெண்டுக்கு ஷட்டர் இறக்கிட்டு மதியத்துக்கு மேலதான் மறுபடி திறப்பாங்க, வார லீவும் கடைக்கு கடை வேற. வித்யார்த்தி பவன் வெள்ளிக்கிழமை லீவு, எம்டிஆரோட லால்பாக் ரோடு கடை திங்கக்கிழமை லீவு, பிராமின்ஸ் காபி பார் ஞாயித்துக்கிழமை லீவு. ஒயிட்ஃபீல்டுல இருந்து ஒன்றரை மணி நேரம் டிராஃபிக்ல உருண்டு வந்து பூட்டுன கதவ பாக்கறத விட கொடுமை இல்ல, அதனால போற அன்னைக்கு காலைல ஒரு தடவ டைமிங் செக் பண்ணிட்டு கிளம்புங்க. சனி ஞாயிறு ஒன்பது மணிக்கு மேல போனா வெயிட்டிங் லிஸ்ட்ல பேர் எழுதிட்டு வெளிய நிக்கணும், வேலை நாள்ல ஏழு மணிக்கு போனா நேரா உள்ள போய் உக்காரலாம். மெட்ரோவுல பச்சை லைன் புடிங்க, நேஷனல் காலேஜ் ஸ்டேஷன்ல இறங்கினா பசவனகுடியும் விவி புரமும் நடக்கற தூரம்தான், மல்லேஸ்வரத்துக்கு சம்பிகே ரோடு ஸ்டேஷன்.

முதல் நாள் பிராமின்ஸ் காபி பார்ல ஆரம்பிங்க, சங்கரபுரத்துல சங்கர மடம் பக்கத்துல இருக்கு, 1965ல இருந்து நடக்குது. மெனுவே கை விரல்ல அடங்கிடும், இட்லி வடை காரா பாத் (நம்ம ரவா உப்மா) கேசரி பாத் (நம்ம கேசரி) காபி டீ, முடிஞ்சது. சாம்பார் கிடையாது, கேட்டாலும் கிடையாது, சட்னி மட்டும்தான். தட்டுல இட்லிய வெச்சு அது மேலயே சட்னிய ஊத்திடுவாங்க, பச்சையா கொஞ்சம் தண்ணியா இருக்கும், நம்மூர் கெட்டி சட்னிக்கு பழகுனவங்களுக்கு முதல்ல என்னடா இதுன்னு தோணும், ஆனா இட்லி அத உறிஞ்சிக்கிட்டு ஒரு நிமிஷம் கழிச்சு வாயில போட்டா ஏன் சாம்பார் வேணாம்னு விட்டாங்கன்னு புரியும். திரும்ப சட்னி வேணும்னா அதுக்குன்னே ஒருத்தர் நிப்பாரு, தட்ட நீட்டினா போதும், எத்தன தடவ வேணாலும். உக்கார இடம் கிடையாது, கல்லு மேலயோ படியிலயோ சாஞ்சு நின்னு சாப்பிடணும், அதனால முழங்கால் வலி இருக்கற பெரியவங்கள இங்க கூட்டிட்டு வராதீங்க.

இந்த மாதிரி நின்னு சாப்பிடற கடைங்கள இங்க தர்ஷினின்னு சொல்வாங்க. முறை எல்லா இடத்துலயும் ஒண்ணுதான், முதல்ல கேஷ் கவுண்டர்ல பணம் கட்டி பில் வாங்கணும், அந்த பில்ல கொண்டு போய் உள்ள டிஃபன் கவுண்டர்ல குடுக்கணும், காபிக்கு வேற கவுண்டர் இருக்கும். இட்லி வடை சொன்னா சாம்பார் டிப்பா தனியான்னு கேப்பாங்க, டிப்னா சாம்பார்ல முக்கியே குடுத்துடுவாங்க, இனிப்பு ஆகாதவங்க சட்னி மட்டும்னு சொல்லிடுங்க. சௌ சௌ பாத்னா காரா பாத் ஒரு கரண்டி கேசரி பாத் ஒரு கரண்டி ஒரே தட்டுல, காய் சௌ சௌவுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. பை டூ காபின்னா ஒரு காபிய ரெண்டு டம்ளர்ல பிரிச்சு குடுப்பாங்க, யாரும் கஞ்சம்னு நினைக்க மாட்டாங்க, ஊரே அப்படித்தான் குடிக்குது. இன்னொண்ணு, சர்வர்ங்க நிறைய பேருக்கு தமிழ் நல்லாவே தெரியும், ஆனாலும் நீங்க கன்னடத்துல ஆரம்பிங்க. எரடு இட்லி ஒந்து வடை கொடி (ரெண்டு இட்லி ஒரு வடை குடுங்க), ஸ்வல்ப சட்னி ஹாக்கி (கொஞ்சம் சட்னி போடுங்க), இந்த அளவு போதும், தப்பா சொன்னாலும் சிரிச்ச முகத்தோட குடுப்பாங்க. அவங்க ஊர்ல இருந்துகிட்டு நாலு வார்த்தை கத்துக்கறது நாம குடுக்க வேண்டிய மரியாதைன்னு நான் நினைக்கறேன்.

அடுத்தது தோசை. பசவனகுடி காந்தி பஜார்ல வித்யார்த்தி பவன் 1943ல ஆரம்பிச்சது, இங்க போனா மசாலா தோசை தவிர வேற எதுக்கும் மனச அலைய விடாதீங்க. மேஜைய எதிராளியோட பகிர்ந்துதான் உக்காரணும், கூச்சப்படாம உக்காருங்க. கொஞ்ச நேரத்துல வேட்டி கட்டின சர்வர் ஒருத்தர் ஒரு கைல தோசை தட்டா மேல மேல அடுக்கிக்கிட்டு, மணிக்கட்டுல இருந்து தோள் வரைக்கும் சாச்சு வெச்சுக்கிட்டு மேஜைங்களுக்கு நடுவுல புகுந்து வருவாரு, ஒவ்வொரு மேஜையா நின்னு இன்னொரு கையால ஒவ்வொரு தட்டா உருவி வெப்பாரு, அடுக்கு ஆடாது. தோசை நம்மூர் பேப்பர் ரோஸ்ட் மாதிரி இல்ல, தடியா சின்னதா, வெளிய செவந்து மொறுமொறுன்னு, உள்ள பஞ்சா, நெய் வாசத்தோட இருக்கும். சட்னிய வாளில கொண்டு வந்து ஊத்துவாங்க, தோசைக்கு இங்கயும் அதுதான் துணை. சூடு ஆறினா அந்த மொறுமொறுப்பு போய்டும், அதனால போட்டோ எடுக்கறத ரெண்டாவது தோசைக்கு வெச்சுக்கோங்க.

இதுக்கு போட்டி மல்லேஸ்வரத்துல மார்கோசா ரோட்டுல சிடிஆர், போர்டுல ஸ்ரீ சாகர்னு இருக்கும், குழம்ப வேணாம். இங்க பெண்ணே மசாலா தோசை, பெண்ணேன்னா கன்னடத்துல வெண்ணெய், அது அதிகம், வித்யார்த்தி பவன விட மென்மையா இருக்கும். எது பெருசுன்னு ரெண்டு பக்கத்து ஆளுங்களும் சண்டை போடுவாங்க, எனக்கு வித்யார்த்தி பவன் ஒரு படி மேல, ஆனா மல்லேஸ்வரம் போனா ஒரே ரோட்டுல வீணா ஸ்டோர்ஸ் இட்லியும் சேத்து முடிச்சுடலாம்ங்கறது பெரிய வசதி. 1977ல இருந்து இருக்கற சின்ன கடை அது, வாங்கிட்டு பிளாட்பாரத்துலதான் நிக்கணும், இட்லி அவ்ளோ லேசா இருக்கும்.

எம்டிஆர் பத்தி எல்லாருக்கும் தெரியும், 1924ல ஆரம்பிச்சது, ரெண்டாம் உலகப்போர் நேரத்துல அரிசி தட்டுப்பாடு வந்தப்ப ரவைல இட்லி பண்ணி பாத்து இந்த ஊருக்கு ரவா இட்லிய குடுத்தவங்க. இப்ப ஊர் முழுக்க கிளை இருக்கு, ஆனா லால்பாக் ரோட்டு பழைய கடைக்கே போங்க. ரவா இட்லிக்கு கூட உருளைக்கிழங்கு சாகு (குருமா மாதிரி) வரும், சின்ன கிண்ணத்துல நெய் வரும், நெய்ய இட்லி மேல ஊத்திட்டு சாகுவ தொட்டு சாப்பிடணும். காபி வெள்ளி டம்ளர்ல வரும். ஊர்ல இருந்து அம்மா அப்பா வந்தா நான் கை காட்டற இடம் இதுதான், உக்காந்து நிதானமா சாப்பிடலாம்.

மதியத்துக்கு கறி சாப்பிடறவங்களுக்குதான் இந்த ஊர் உண்மையான விருந்து வெச்சிருக்கு, ஆனா நம்ம ஆளுங்க முக்காவாசி பேர் மிலிட்டரி ஹோட்டல் பக்கமே போறதில்ல. பேர பாத்து ராணுவ கேன்டீன்னு நினைச்சுக்கறாங்க. அசைவம் போடற பழைய ஹோட்டலுக்கு இங்க அதுதான் பேர். ஜெயநகர் எட்டாவது பிளாக்ல சிவாஜி மிலிட்டரி ஹோட்டலுக்கு பன்னெண்டரை மணிக்கு முன்னாடி போங்க, ரெண்டு மணிக்கு மேல போனா நல்ல ஐட்டம் ஒவ்வொண்ணா காலியாகும். தொன்னை பிரியாணி சீரக சம்பாலதான் பண்றாங்க, அதனால ஆம்பூர் திண்டுக்கல் சாப்பிட்டு வளர்ந்த வாய்க்கு அரிசி அந்நியமா இருக்காது, மசாலாதான் வேற, புதினா கொத்தமல்லி பச்சை மிளகாய் தூக்கலா இலை வாசத்தோட இருக்கும். தயிர் பச்சடிய மேல கொட்டிடாம முதல் நாலு வாய் வெறும் பிரியாணியா சாப்பிடுங்க, அந்த மணம் அப்பதான் பிடிபடும்.

முத்தே கிடைக்கற இடத்துல அதையும் விடாதீங்க. கிருஷ்ணகிரி தர்மபுரிக்காரங்களுக்கு நான் ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல, நம்ம கேழ்வரகு களியேதான். மத்தவங்களுக்கு சொல்றேன், சூடா இருக்கறப்பவே விரல கொஞ்சம் சாறுல நனைச்சுக்கிட்டு ஓரத்துல இருந்து சின்னதா கிள்ளணும், உள்ளங்கைல லேசா உருட்டி கட்டை விரலால ஒரு குழி அழுத்தி அந்த குழில மட்டன் சாற அள்ளி அப்படியே முழுங்கணும், மென்னா பல்லுல ஒட்டும், ருசியும் தெரியாது. முதல் உருண்டை தொண்டைல தயங்கும், மூணாவது தானா இறங்கும்.

சாயங்காலத்துக்கு ரெண்டு திசை இருக்கு. ஒண்ணு விவி புரம் சாப்பாட்டு தெரு, சஜ்ஜன் ராவ் சர்க்கிள் பக்கம், இருட்டினதுக்கு அப்புறம்தான் களை கட்டும். டிசம்பர் கடைசி ஜனவரில வந்தீங்கன்னா அவரை சீசன், ஊரே அவரைக்காய் பைத்தியம் புடிச்சு திரியும், தோசைல போண்டால உப்மால எல்லாத்துலயும் பிதுக்கு பருப்பு (தோல் பிதுக்கி எடுத்த அவரைக்கொட்டை), வடாற்காடு பக்கத்துக்காரங்க அந்த குழம்பு வாசத்துலயே வீட்டுக்கு போய்ட்டு வந்துடுவாங்க. அங்கயே விபி பேக்கரி இருக்கு, 1953ல இருந்து, காரா பன் வாங்குங்க, வெங்காயம் பச்சை மிளகாய் போட்டு சுட்டது. ஊருக்கு பார்சல் வேணும்னா ஏதாவது ஐயங்கார் பேக்கரில காங்கிரஸ் கடலை வாங்குங்க, தோல் உரிச்சு மிளகு மிளகாய்த்தூள் பெருங்காயம் போட்டு பிரட்டின வேர்க்கடலை, வாரக்கணக்கா கெடாது.

இன்னொரு திசை எங்க பக்கம், ஃப்ரேசர் டவுன் மாஸ்க் ரோடு. ஆல்பர்ட் பேக்கரி 1902ல இருந்து இருக்கு, மதியத்துக்கு மேலதான் கடை திறக்கும், மூளை பஃப்ஸ் சூடா வர்ற நேரம் பாத்து நின்னா உண்டு, ஏழு மணிக்கு ஆற அமர போனா தட்டு காலியா இருக்க வாய்ப்பு அதிகம். மூளை ஆகாதுன்னா மட்டன் பஃப்ஸ் இருக்கு, உள்ள பால்கோவா வெச்ச கோவா நான் ரொட்டியும் வாங்குங்க.

பேர் தெரியாத கடைல மாட்டிக்கிட்டா எப்படி கண்டுபிடிக்கறதுன்னு கேப்பீங்க. காலைல எட்டு மணிக்கு வாசல்ல பால்காரர் பூக்காரர் ஆட்டோக்காரர் நின்னு சாப்பிடறாங்களான்னு பாருங்க. தோசைக்கல்ல பாருங்க, ஒரு ஈடு எடுத்ததும் தண்ணி தெளிச்சு தொடப்பத்தால கூட்டி அடுத்த ஈடு ஊத்திக்கிட்டே இருந்தா மாவு தேங்காதுன்னு அர்த்தம். மெனு போர்டுல நூடுல்ஸ்ல இருந்து கோபி மஞ்சூரி வரைக்கும் எல்லாம் எழுதியிருந்தா காபி மட்டும் குடிச்சுட்டு நகந்துடுங்க.

கடைசியா ராத்திரி சென்னைல இருந்து கார்ல கிளம்பி சித்தூர் கோலார் வழியா வர்றவங்களுக்கு. சனி ஞாயிறு விடியக்காலைல ஹொஸ்கோட்டே தாண்டறீங்கன்னா மணி தம் பிரியாணிங்கற கடைய தேடி வண்டிய நிறுத்துங்க, விறகடுப்புல தம் போட்ட மட்டன் பிரியாணி, நாலு மணிக்கே வரிசை நிக்கும், சிட்டிக்குள்ள இருந்தே ஆளுங்க தூக்கத்த விட்டுட்டு வருவாங்க. கூட்டமா வந்தீங்கன்னா ஒருத்தர் வரிசைல நில்லுங்க, இன்னொருத்தர் இடம் பாத்து வைங்க, விடிஞ்சு வெயில் ஏறினதுக்கு அப்புறம் போனா அண்டால ஒண்ணும் மிச்சம் இருக்காது.