டர்போ மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்மையில் ஒரு இளைஞர் தன் காரின் பூஸ்ட் கன்ட்ரோலரை (டர்போ எஞ்சினுக்குள் திணிக்கும் காற்றின் அழுத்தத்தை, அதாவது பூஸ்டைக் கூட்டும் கருவி) மூன்றாவது முறையாக மாற்றிக்கொண்டிருந்தார். பல வருடங்களுக்கு முன் நானும் அதையேதான் செய்தேன். எல்லோருக்கும் தெரிந்த சின்னத் தவறுகளை விட்டுவிடுகிறேன்.

வேஸ்ட்கேட்டைக் கடைசியில் யோசிப்பது

டர்போவை மாதக்கணக்கில் தேடி வாங்குவோம். டர்போவின் டர்பைனைச் சுழற்றும் புகையில் ஒரு பகுதியை வெளியே திருப்பிவிடும் வால்வான வேஸ்ட்கேட் மட்டும் கிடைத்தது போதும். நான் போட்டது 38 மி.மீ. வால்வு, 0.5 பார் அழுத்தத்தில் திறக்க விடும் ஸ்பிரிங். 4000 ஆர்.பி.எம். வரை பூஸ்ட் மீட்டர் முள் 0.5-இல் நின்றது. அதற்கு மேல் மெல்ல ஏறி, 6500-இல் 0.9-ஐத் தொட்டது. கன்ட்ரோலர் கோளாறு என்று புதிது வாங்கினேன். அப்புறம் இன்னும் இளகிய ஸ்பிரிங். உச்சியில் அதே 0.9. பெட்ரோலும் இக்னிஷன் டைமிங்கும் 0.5 பாருக்கு டியூன் செய்தவை. ஒரு நாள் நாக் (எரிபொருள் கலவை கட்டுப்பாடின்றித் தானே வெடிப்பது) அடித்து, மூன்றாவது சிலிண்டர் பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடைந்தது. எஞ்சினையே பிரிக்க வேண்டியதாயிற்று.

வால்வு முழுதாகத் திறந்தும் புகைக்கு வழி போதவில்லை. மிச்சப் புகை டர்பைனைச் சுழற்றிக்கொண்டே இருந்தது. இதுதான் பூஸ்ட் க்ரீப். பூஸ்ட் குறைவாக வேண்டுமென்றால்தான் வேஸ்ட்கேட் பெரிதாக வேண்டும். டர்பைனைத் தொடாமல் அத்தனை புகையை வெளியே விட வேண்டுமே. இதைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்வது இன்றும் எனக்கு எரிச்சல் தருகிறது. வேஸ்ட்கேட்டுக்குப் போகும் குழாயின் கோணமும் முக்கியம். மேனிஃபோல்டிலிருந்து (எஞ்சினின் புகையைச் சேர்த்து டர்போவுக்குக் கொண்டுவரும் குழாய்) செங்குத்தாகப் பிரிந்தால் புகை திரும்பாது, நேரே டர்பைனுக்குத்தான் ஓடும். 44 மி.மீ. வால்வும், ஓட்டத்தோடு சாய்ந்த குழாயும் போட்ட பிறகுதான் என் முள் அடங்கியது.

கன்ட்ரோலரால் ஸ்பிரிங் அளவுக்கு மேலே ஏற்றத்தான் முடியும், கீழே இறக்க முடியாது. முதலில் அதைக் கழற்றிவிட்டு, கம்ப்ரசரிலிருந்து (டர்போவில் காற்றை அழுத்தும் பகுதி) வரும் ஹோஸை நேராக வேஸ்ட்கேட்டில் மாட்டி, டைனோவில் (காரை நின்ற இடத்திலேயே ஓட்டிச் சக்தியை அளக்கும் கருவி) ஓட்டிப் பாருங்கள். முள் ஏறத் தொடங்கியதும் காலை எடுத்துவிடுங்கள். அங்கேயே ஏறினால் எந்தக் கன்ட்ரோலரும் உதவாது.

பூஸ்ட் எண்ணை வைத்து டர்போ வாங்குவது

சக்தி தருவது உள்ளே போகும் காற்றின் எடை. கடல்மட்டத்தில் 1 பார் பூஸ்ட் என்றால் அழுத்த விகிதம் ஏறக்குறைய 2. அந்த விகிதத்தில் உங்கள் எஞ்சின் கேட்கும் காற்று கம்ப்ரசர் மேப்பில் (காற்றின் அளவையும் அழுத்த விகிதத்தையும் காட்டும் வரைபடம்) எங்கே விழுகிறது என்று பாருங்கள். இடது கோட்டைத் தாண்டினால் சர்ஜ், அதாவது காற்று பின்னோக்கித் திரும்பும். வலது ஓரத்துக்குப் போனால் காற்று வீணாகச் சூடாகும்.

ஹோஸுக்குக் கிளிப் போடாதது

கழன்றால் வேஸ்ட்கேட்டுக்குச் சிக்னலே போகாது, அது திறக்காது.

இசியுவில் பூஸ்ட் கட் வைக்காதது

எஞ்சின் கணினியான இசியு, பூஸ்ட் எல்லை தாண்டினால் எஞ்சினை அடக்குவதுதான் பூஸ்ட் கட். அதை 0.7 பாரில் வைத்திருந்தால் என் பிஸ்டன் தப்பியிருக்கும்.