அறை வாடகைக்கு விடும் வீட்டில் வைஃபை: ரூட்டரையும் ஃபயர்வாலையும் அமைப்பது எப்படி?

வேலூரில் சாய்நாதபுரம், தோட்டப்பாளையம் பக்கம் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வைத்தியத்துக்கு வருபவர்களுக்கு அறை விடும் வீடுகள் நிறைய. காட்பாடியில் வி.ஐ.டி. மாணவர்கள். பெட்டியை இறக்கி வைத்ததும் அவர்கள் கேட்பது வைஃபை பாஸ்வேர்டு. கொடுக்கத்தான் வேண்டும். வங்காளத்திலிருந்து அப்பாவை ஆபரேஷனுக்கு அழைத்து வந்தவருக்கு, ஊரிலிருக்கும் வீட்டோடு பேச அதுதான் வழி. ஆனால் உங்கள் கணினியும் கேமராவும் இருக்கிற அதே நெட்வொர்க்கில் அவர்களைச் சேர்க்கக் கூடாது. யாரையும் சந்தேகப்பட்டு இதைச் சொல்லவில்லை. அவர்கள் போனில் என்ன வைரஸ் இருக்கிறது என்று அவர்களுக்கே தெரியாது.

ஃபயர்வால் என்று தனியாக எதுவும் வாங்க வேண்டாம். வீட்டு ரூட்டருக்குள்ளேயே அது இருக்கிறது. நாம் கேட்டதற்கு வரும் பதிலை உள்ளே விடும், கேட்காமல் வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும். அதில் யாராவது திறந்துவிட்ட வழிகளை அடைப்பதுதான் நம் வேலை.

ரூட்டருக்குள் நுழைவது

லேப்டாப்பை லேன் கேபிளில் இணைத்துக்கொள்ளுங்கள். வைஃபை பெயரை மாற்றும்போது இணைப்பு பாதியில் அறுந்து போகாது. பிரௌசரில் 192.168.1.1 என்று அடியுங்கள். திறக்கவில்லையா? போனின் வைஃபை செட்டிங்ஸில், இணைந்திருக்கும் நெட்வொர்க்கைத் தொட்டுப் பாருங்கள். கேட்வே என்ற இடத்தில் இருக்கும் எண்தான் உங்கள் ரூட்டரின் முகவரி. லாகின் விவரம் பெரும்பாலும் ரூட்டருக்கு அடியில் ஸ்டிக்கரில் இருக்கும்.

உள்ளே போனதும் வேறு எதையும் தொடாமல், வான் (WAN, வெளியிலிருந்து வரும் இணைப்பு) பக்கத்தில் இருக்கும் விவரங்களைப் போட்டோ எடுத்து வையுங்கள். ரீசெட் ஓட்டையில் ஊசியை விட்டு அழுத்தினால் இவை எல்லாம் அழிந்துவிடும். அப்புறம் இணைப்பு கொடுத்தவர் வரும்வரை நெட் கிடையாது.

அடுத்து அட்மின் பாஸ்வேர்டு. இது வைஃபை பாஸ்வேர்டு அல்ல, ரூட்டரின் செட்டிங்ஸைத் திறக்கும் பாஸ்வேர்டு. இரண்டும் வேறு வேறாக இருக்கட்டும். 2016-இல் பரவிய மிராய் என்ற வைரஸ், கம்பெனி வைத்த அட்மின் பெயர்களிலும் பாஸ்வேர்டுகளிலும் அறுபது சொச்சத்தை மட்டும் வைத்துக்கொண்டே உலகம் முழுக்க லட்சக்கணக்கான கேமராக்களையும் ரூட்டர்களையும் பிடித்தது. ஃபர்ம்வேருக்கு (ரூட்டருக்குள் இருக்கும் மென்பொருள்) அப்டேட் இருந்தால் அதையும் இப்போதே போட்டுவிடுங்கள். நடுவில் கரண்ட் போகக் கூடாது, அதனால் யூபிஎஸ்ஸில் போட்டுச் செய்யுங்கள்.

வைஃபை பாதுகாப்பு வகையில் டபிள்யூபிஏ3 (WPA3) இருந்தால் அதையே வையுங்கள். பழைய போன்கள் அதில் சேரவில்லை என்றால் டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் (WPA2-AES). பாஸ்வேர்டு இல்லாமல் பட்டனாலோ பின் எண்ணாலோ சேர விடும் டபிள்யூபிஎஸ்ஸை (WPS) அணைத்துவிடுங்கள். பாஸ்வேர்டாக மொபைல் எண்ணை வைப்பது நம் ஊரில் பெரிய பழக்கம், தயவுசெய்து விட்டுவிடுங்கள். நல்ல கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினியில் எல்லா மொபைல் எண்களையும் போட்டுப் பார்க்க ஒரு நாள்கூட ஆகாது. சம்பந்தமில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுங்கள். நீளமாகவும் இருக்கும், மறக்கவும் மறக்காது.

வாடகைக்கு இருப்பவர்களுக்குத் தனி நெட்வொர்க்

இதற்கு மட்டும் கொஞ்சம் அதிக நேரம் ஒதுக்குங்கள். ரூட்டரில் கெஸ்ட் நெட்வொர்க் என்று இருந்தால் அதை ஆன் செய்து, வேறு பெயரும் வேறு பாஸ்வேர்டும் கொடுங்கள். லோக்கல் நெட்வொர்க்கை அணுக அனுமதி என்று ஒரு டிக் இருக்கும். அதை எடுத்துவிடுங்கள். ஒருவர் காலி செய்து போனதும் இந்தப் பாஸ்வேர்டை மட்டும் மாற்றினால் போதும்.

ஆன் செய்ததோடு விடாமல் சோதித்துப் பாருங்கள். போனில் மொபைல் டேட்டாவை அணைத்து, கெஸ்ட் வைஃபையில் சேர்ந்து, ரூட்டர் முகவரியையும் கேமரா படங்களைப் பதியும் டிவிஆர் பெட்டியின் முகவரியையும் பிரௌசரில் அடியுங்கள். லாகின் பக்கம் வந்தால் பிரிப்பு சரியில்லை. ஃபைபர் இணைப்போடு கொடுக்கும் சில பெட்டிகளில் இரண்டாவது வைஃபை பெயர் வைக்கலாம், ஆனால் இரண்டு பெயரும் உள்ளே ஒரே நெட்வொர்க்தான்.

அப்படி இருந்தால் சொந்தமாக இன்னொரு ரூட்டர் வாங்கி, அதன் வான் போர்ட்டை ஃபைபர் பெட்டியின் லேன் போர்ட்டில் செருகுங்கள். பலர் புது ரூட்டரை வாடகைக்கு இருப்பவர்களுக்குக் கொடுத்துவிட்டு, குடும்பத்தைப் பழைய பெட்டியிலேயே வைக்கிறார்கள். அது தலைகீழ். உள் ரூட்டரில் இருப்பவர் வெளிப் பெட்டியில் இருக்கும் கருவிகளை எட்ட முடியும், வெளியில் இருப்பவர் உள்ளே வர முடியாது. ஆகவே கணினி, கேமரா, குடும்பத்தார் போன் எல்லாம் புது ரூட்டரில். வாடகைக்கு இருப்பவர்கள் ஃபைபர் பெட்டியின் வைஃபையில். பெட்டி 192.168.1.1 என்றால் புது ரூட்டருக்கு 192.168.50.1 என்று வையுங்கள். இரண்டும் ஒரே எண்ணில் இருந்தால் நெட் வராது.

ஃபயர்வால் பக்கம்

எஸ்பிஐ (SPI) ஃபயர்வால், அதாவது கேட்டதற்கு வரும் பதிலை மட்டும் உள்ளே விடுவது, ஆனில் இருக்கட்டும். ஐபிவி6 (IPv6) என்ற புது வகை இணைய முகவரிகளுக்குத் தனி ஃபயர்வால் இருந்தால் அதுவும் ஆனில்தான் இருக்க வேண்டும். ரிமோட் மேனேஜ்மென்ட் (வெளியிலிருந்து ரூட்டரின் செட்டிங்ஸைத் திறப்பது), டிஎம்இசட் (DMZ, ஒரு கருவியை முழுதாக வெளியே திறந்துவிடுவது), யூபிஎன்பி (UPnP, கருவிகள் தாங்களே வழி திறந்துகொள்வது) மூன்றையும் அணையுங்கள். போர்ட் ஃபார்வர்டிங், அதாவது வெளியிலிருந்து உள்ளே வரத் திறந்த வழிகளின் பட்டியலில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். கேமரா மாட்டுபவர்கள் வெளியூரிலிருந்து பார்க்க வசதியாக டிவிஆருக்கு அங்கே வழி திறந்து விடுவதுண்டு. இப்போது வரும் டிவிஆர்கள் பெரும்பாலும் ஆப் வழியாகவே வேலை செய்யும். அந்த வரியை அழித்துவிட்டு, வீட்டு வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் கேமரா தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நெட் வரவில்லை என்றால்

முதலில் லைட்டைப் பாருங்கள். எல்ஓஎஸ் (LOS) என்ற லைட் சிவப்பாக எரிந்தாலோ மின்னினாலோ ஃபைபரில் ஒளி வரவில்லை. செட்டிங்ஸைத் தொட்டுப் பயனில்லை. அந்த மெல்லிய ஒயர் ஜன்னலில் நசுங்கியிருக்கிறதா, எலி கடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் புகார் கொடுங்கள். கழற்றிய ஃபைபர் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்காதீர்கள், அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கெடுதல் செய்யக்கூடும்.

லைட் சரியாக இருந்து நெட் மட்டும் இல்லையா? கணினியின் கமாண்ட் பிராம்ப்டில் ping 1.1.1.1 என்று அடியுங்கள். பதில் வந்தும் தளங்கள் திறக்காவிட்டால் கோளாறு டிஎன்எஸ்ஸில் (DNS, தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றுவது). ரூட்டரில் டிஎன்எஸ் இடத்தில் 1.1.1.1, 8.8.8.8 கொடுங்கள். பதிலே வராவிட்டால் கணினியின் ஐபி முகவரியைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால் ரூட்டரிடமிருந்து முகவரியே கிடைக்கவில்லை. கேபிளையும் டிஹெச்சிபி (DHCP, கருவிகளுக்கு முகவரி கொடுப்பது) ஆனில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

மே மாத மதியத்தில் மட்டும் நெட் விட்டு விட்டு வந்தால், வைத்த இடத்தைக் கவனியுங்கள். வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அந்த நாளில் ஷீட் கூரைக்கு அடியிலோ மூடிய அலமாரியிலோ இருக்கும் ரூட்டர் தாங்காது. காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள்.

எந்தக் கோளாறு வந்தாலும் ஃபயர்வாலை ஆஃப் செய்து பாருங்கள் என்று இணைப்பு கொடுத்தவர்கள் போனில் சொல்வார்கள். இரண்டு நிமிடம் செய்து பார்க்கலாம். அப்போதும் சரியாகவில்லை என்றால் காரணம் வேறு. சரியானாலும் அப்படியே விடாமல் திரும்ப ஆன் செய்து, ஃபயர்வாலின் அளவு ஹை என்று இருந்தால் மீடியத்துக்கு இறக்குங்கள்.