மலையகத்தில் மழைநீர் மாதிரி எடுப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹட்டன் பக்கத் தோட்டமொன்றில் நான் முதன்முதலாகப் பிடித்த மழைநீரின் பீ.எச். பெறுமானம் (7 நடுநிலை, அதற்குக் கீழே குறையக் குறைய அமிலம் கூடும்) 6.8. எங்கள் மழையில் அமிலமே இல்லை என்று மகிழ்ந்து கொப்பியில் பெரிதாக எழுதிவைத்தேன். மறுநாள் புனலைக் கழற்றியபோது அதன் கழுத்தில் வெள்ளைத் தூள் கோடாகப் படிந்திருந்தது. தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய (கிளை நறுக்கிய) மேல்மலைக்கு அந்த வாரம்தான் டொலமைட் போட்டிருந்தார்கள். நான் அளந்தது மழையை அல்ல, டொலமைட் கரைந்த நீரை.

மாசற்ற மழைகூடக் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொள்வதால் ஏறத்தாழ 5.6 என்ற அளவில் இலேசான அமிலமாகவே இருக்கும். அதைவிட மிக உயர்ந்த எண் வந்தால் முதலில் புனலைச் சந்தேகப்படுங்கள். டொலமைட் என்பது கல்சியம், மக்னீசியம் காபனேற்று, அமிலத்தைச் சமன்செய்துவிடும். லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) விறகடுப்பிலிருந்து பறந்து வரும் சாம்பலும் அதையே செய்யும். ஆகவே மழை பெய்யாத நேரத்தில் புனலைத் திறந்து வைப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. தானாகத் திறந்து மூடும் கருவி இல்லாவிட்டால், மழை தொடங்கும்போது மூடியை எடுத்து, விட்டதும் மூடுவதற்கு வீட்டில் ஒருவர் இருந்தால் போதும். அது முடியாத நாளின் நீரைத் தனியாகக் குறித்துவையுங்கள், மற்றதோடு சேர்க்காதீர்கள்.

நிழல் மரத்தடியிலும் வைக்காதீர்கள். இலை நுனியில் தொங்கி விழும் துளி, இலைமேல் இருந்த தூசியையும் இலையிலிருந்து கசிந்த பொட்டாசியத்தையும் சுமந்து வருகிறது. மரத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரமாவது தள்ளி, மண் தெறிக்காதபடி ஒரு மீற்றருக்கு மேல் புனலை நிறுத்துங்கள். தகரக் கூரைப் பீலியில் பிடித்த நீர் இந்த வேலைக்கு ஆகவே ஆகாது. பழைய ஜாம் போத்தலும் வேண்டாம். கண்ணாடியிலிருந்து சோடியம் கரையும். பொலித்தீன் போத்தலை அயன் நீக்கிய (கரைந்த உப்புகள் அகற்றிய) நீரில் பலமுறை அலசுங்கள், சவர்க்காரம் போடாதீர்கள். புனலின் உட்புறத்தில் விரல் பட்டால் வியர்வை உப்பு ஒட்டிக்கொள்ளும். கடைசியாக அலசிய நீரையும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். புனல் உண்மையிலேயே சுத்தமா என்பது அதில் தெரிந்துவிடும்.

பிடித்த நீரை மேசையில் நாட்கணக்கில் விடுவதும் ஆபத்து. மழையிலுள்ள போமிக், அசற்றிக் அமிலங்களை நுண்ணுயிர்கள் தின்றுவிட, பீ.எச். மெல்ல ஏறும். அன்றே அளந்துவிட்டு, மீதியை 4 பாகை செல்சியஸில் வையுங்கள். பீ.எச். காட்டும் நிறத்தாள் போதாது, பீ.எச். மானி வேண்டும். மழைநீரில் அயன்கள் மிகக் குறைவு என்பதால் மானியின் எண் நிலைக்கவும் நேரமெடுக்கும். அவசரப்பட்டு முதல் எண்ணை எழுதாதீர்கள்.

மழைமானி ஒன்றையும் பக்கத்தில் வையுங்கள். 20 சென்றிமீற்றர் விட்டமுள்ள புனலில் 10 மில்லிமீற்றர் மழைக்கு 314 மில்லிலீற்றர் நீர் சேர வேண்டும். பெருமளவு குறைந்தால் எங்கோ சிந்தியிருக்கிறது.

கணக்கிலும் ஒரு குழி உண்டு. ஒரே அளவு பெய்த இரண்டு மழைகளில் ஒன்று 4, மற்றது 6 என்றால் சராசரி 5 அல்ல. பீ.எச். மடக்கை அளவு (ஓர் எண் இறங்கினால் ஐதரசன் அயன் பத்து மடங்காகும்), ஐதரசன் அயன் செறிவுக்கு மாற்றிப் பார்த்தால் 4.3 தான் வரும். மழையளவு வேறுபட்டால், அதிகம் பெய்த மழைக்குக் கணக்கில் அதிக நிறை கொடுங்கள்.

ஒரு பருவத்தை மட்டும் வைத்து மலையகத்து மழை இப்படித்தான் என்று எழுதிவிடாதீர்கள். மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டனை நனைப்பது தென்மேல் பருவக்காற்று. டிசெம்பரில் பதுளைக்கு மழை தருவது வடகீழ்க் காற்று. இரண்டும் வெவ்வேறு கடல், வெவ்வேறு ஊர்களைக் கடந்து வருகின்றன.