உங்கள் குவார்ட்டருக்கு 25 சென்ட்டுக்கு மேல் மதிப்பு உண்டா?

குவார்ட்டர் என்றதும் நம் ஊர்க்காரர்களுக்கு வேறு நினைப்பு வரும். இது அமெரிக்காவின் 25 சென்ட் நாணயம். லாண்டிரி மெஷினுக்கென்று டப்பாவில் சேர்த்து வைத்திருப்பீர்களே, அதை மேசையில் கொட்டிக்கொண்டு உட்காருங்கள். ஒரு லென்ஸும் வேண்டும்.

முதலில் விளிம்பு. செம்பு நிறக் கோடு ஓடினால் 1965 முதல் வந்த சாதாரணக் காசு. கோடே இல்லாமல் வெள்ளையாக இருந்து, ஆண்டும் 1964 அல்லது அதற்கு முந்தியது என்றால் 90 சதவீதம் வெள்ளி. சந்தேகமா, தராசில் வையுங்கள்: வெள்ளிக் காசு 6.25 கிராம், மற்றது 5.67 கிராம். எவ்வளவு தேய்ந்திருந்தாலும் வெள்ளி விலையாவது தேறும்.

அடுத்து, எந்த ஆலையில் அடித்தது என்று சொல்லும் குட்டி எழுத்து. வாஷிங்டன் தலை போட்ட காசில் 1964 வரை அது பின்பக்கம், கழுகுக்குக் கீழே இருக்கும். 1968 முதல் முன்பக்கம், பெரும்பாலும் வாஷிங்டனின் பின்னலுக்குப் பக்கத்தில். 1932-இல் டென்வரில் ('டி') 4,36,800, சான் பிரான்சிஸ்கோவில் ('எஸ்') 4,08,000 மட்டுமே அடித்தார்கள். எல்லோரும் தேடுவது இவற்றைத்தான். அதனாலேயே சாதாரண 1932 காசில் எழுத்தை ஒட்டி ஏமாற்றுகிறவர்களும் உண்டு. சில்லறையில் கிடைக்க வாய்ப்புள்ளது 2019, 2020-இன் 'டபிள்யூ' எழுத்துதான். வெஸ்ட் பாயிண்டில் ஒவ்வொரு டிசைனிலும் 20 லட்சம்தான் அடித்தார்கள்.

டிரம் அடிக்கிறவர் படத்தோடு '1776-1976' போட்ட காசைப் பார்த்துக் குதிக்காதீர்கள். அது கோடிக்கணக்கில் இருக்கிறது.

அப்புறம் அச்சுப் பிழை. விஸ்கான்சின் மாநிலத்தின் பெயர் போட்ட 2004 குவார்ட்டரில், 'டி' எழுத்து இருந்தால், மக்காச்சோளத்தின் இடப்பக்கம் கூடுதலாக ஓர் இலை தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் தனியே எடுத்து வையுங்கள். கீறல், நசுங்கல், ஓட்டை எல்லாம் பிழையில் சேராது, வெறும் சேதம்.

கடைசியாக, தேய்மானம். நிபுணர்கள் 1 முதல் 70 வரை மதிப்பெண் போடுவார்கள். நமக்கு, வாஷிங்டனின் காதுக்கு மேலே முடி இழைகள் தெரிகின்றனவா என்று பார்த்தால் போதும்.

தயவுசெய்து கழுவாதீர்கள், தேய்க்காதீர்கள். வீட்டு வெள்ளி விளக்கைத் துலக்குகிற பழக்கத்தில் நான் ஒரு பழைய காசை விபூதி போட்டுத் தேய்த்தேன். கண்ணைப் பறித்தது. கடைக்காரர் லென்ஸில் ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு, வெள்ளி விலைதான் தருவேன் என்றார்.

இணையத்தில் விலை பார்க்கும்போது, விற்பவர் கேட்கிற தொகையை விட்டுவிட்டு, விற்று முடிந்த விலைகளை மட்டும் பாருங்கள். கேட்பதற்கென்ன, பத்தாயிரம் டாலர்கூடக் கேட்கலாம்.