வேன் அண்ணனை வழியனுப்பி வைப்பது எப்படி

சேலத்துக்காரர்கள் கடலைப் பார்க்க வேண்டுமென்றால் ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை தாண்டிக் கடலூர் வரை போக வேண்டும். அப்படியிருந்தும் இங்கே ஒரு ஆமைக் குழு இருக்கிறது. பொங்கல் முடிந்தால் சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து ரோட்டில் வேன் ஏறுவோம். விடிய விடியக் கரையில் நடந்து, பங்குனி ஆமை இட்ட முட்டைகளை வனத்துறைப் பொரிப்பகத்தில் சேர்த்துவிட்டுத் திரும்புவோம். வேன் ஓட்ட மட்டும் வந்த அண்ணன், வண்டியில் தூங்கப் பிடிக்காமல் எங்களோடு நடக்க ஆரம்பித்து, தடம் பார்ப்பதில் எங்கள் எல்லோருக்கும் வாத்தியார் ஆகிவிட்டார். முட்டி தேய்ந்து இந்த சீசனோடு நிறுத்திக்கொண்டார். வரவுசெலவு பார்ப்பவள் என்பதால் விழா வேலையும் என் தலையில் விழுந்தது. இதே நிலையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

விழாவை யோசிப்பதற்கு முன்னால் வேலையைக் கைமாற்றுங்கள். அவர் போகப் போகிறார் என்று தெரிந்த அன்றே, சீசன் தொடங்கும்போதே இதை ஆரம்பித்துவிட வேண்டும். கடைசி நாளில் ஒரு நோட்டைக் கொடுத்து ‘எல்லாத்தையும் எழுதிக் குடுங்க அண்ணா’ என்றால் ஒன்றும் வராது. அவர் அறிவெல்லாம் கையில் இருக்கிறது. ஆமையின் துடுப்புக் கால் மணலை எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறது என்று பார்த்தே, அது ஏறிய தடம் எது, இறங்கிய தடம் எது என்று சொல்லிவிடுவார். முட்டையிடாமல் திரும்பிய தடமென்றால், ‘சும்மா எட்டிப் பாத்துட்டுப் போயிருக்கு’ என்று அடுத்த அடி வைப்பார். குழியைத் தேட மெல்லிய குச்சி ஒன்று. கெட்டி மணலில் அது இறங்காது. குழிக்கு மேலே வந்ததும் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். முட்டையில் படுமுன் விரல் நிற்க வேண்டும். ஒரு குழியில் நூற்றுக்கு மேல் கூட முட்டை இருக்கும் என்பதால் இது விளையாட்டு இல்லை.

ஆகவே குச்சி புதிய ஆள் கையில் இருக்கட்டும், அண்ணன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கட்டும். அவருக்கு இது பெரிய தண்டனை. இருந்தாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

குப்பத்து மீனவர்கள் விஷயமும் அப்படித்தான். ராத்திரி ரெண்டு மணிக்கு ‘ஆமை ஏறுதுங்க’ என்று அவர்கள் கூப்பிடுவது அவரைத்தான், குழுவை இல்லை. நம்பரை வாங்கி வைத்துக்கொண்டால் மட்டும் போதாது. புதிய ஆளை அவரே கூட்டிக்கொண்டு போய், வீடு வீடாக உட்கார்ந்து டீ குடித்து, ‘இனிமே இந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்க’ என்று அவர் வாயால் சொல்ல வேண்டும்.

விழாவைக் கரையில் வைக்காதீர்கள். கடைசிக் குஞ்சுகளை அவர் கையால் விடச் சொல்லிப் படம் எடுக்கலாமே என்று யாராவது கிளம்புவார்கள். எங்கள் குழுவிலும் கிளம்பினார்கள். குஞ்சு மேலே வந்ததும் ஓயாமல் துடுப்படிக்கும். வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள் கருதான் அதற்குத் தெம்பு. மாலை வரட்டும், கேமரா வரட்டும் என்று கூடையில் வைத்திருந்தால் அந்தத் தெம்பு கூடையிலேயே தீர்ந்துவிடும். ஃப்ளாஷ் அடித்தால் வெளிச்சத்தைப் பார்த்துத் திசை மாறிவிடும். யாருக்கு மரியாதை செய்வதானாலும் குஞ்சைக் காக்க வைக்கக் கூடாது.

நாங்கள் பொரிப்பகம் பிரித்த பிறகு, ஜூனில், ஏற்காட்டில் வைத்தோம். மே மாதம் வேண்டாம்; கோடை விழாக் கூட்டத்தில் மலைப்பாதையில் வண்டி நகராது. முட்டி வலிக்காரர் என்பதால் படி ஏறாத இடமாகப் பார்த்தோம். அன்றைக்கு வண்டியை அவர் ஓட்டக் கூடாது என்று முன்கூட்டியே வீட்டில் சொல்லிவிடுங்கள். முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு இருபது கொண்டை ஊசி வளைவிலும் ‘கியரைக் குறை கண்ணு’ என்று அவர் சொல்லிக்கொண்டே வந்ததை ஓட்டிய பையன் பொறுத்துக்கொண்டான்.

பலூன், தெர்மோகோல், ஃப்ளெக்ஸ் எதுவும் கிடையாது. மலை மேல் இருக்கிறோம், கடலுக்கு என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு: சேர்வராயன் மலைத் தண்ணீர் திருமணிமுத்தாற்றில் இறங்கி, சேலத்துக்குள் ஓடிக் காவிரியில் சேர்கிறது, காவிரி பூம்புகாரில் கடலில் சேர்கிறது. ஆமைக்குப் பிளாஸ்டிக் பையும் ஜெல்லி மீனும் ஒன்றுபோலத் தெரியும். சங்கு, சிப்பியில் செய்த பரிசும் வேண்டாம். சில சங்குகளை வைத்திருப்பதே 1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

பொன்னாடை பீரோவுக்குத்தான் போகும். அம்மாபேட்டைத் தறியில் நெய்த வேட்டி, பேத்திக்குச் செவ்வாய்பேட்டையில் வாங்கிய வெள்ளிக் கொலுசு, இரண்டும் போதும் என்று முடிவு செய்தோம். அதைவிட முக்கியம் பழைய பாக்கி. சுங்கச்சாவடி, டயர் பஞ்சர் என்று அவர் கைக்காசு போட்டது இருக்கும், கேட்டால் சொல்ல மாட்டார். ரசீதைத் தேடிக் கணக்குப் போட்டு, விழாவுக்கு முந்தின நாளே வீட்டில் கொடுத்துவிடுங்கள். மேடையில் கவரில் வைத்துக் கொடுத்தால் பாக்கியும் பரிசாகிவிடும்.

பேச மூன்று பேர் போதும். ‘அர்ப்பணிப்பு’, ‘சேவை மனப்பான்மை’ என்று தொடங்குபவரை உட்கார வைத்துவிட்டு, ஏதாவது ஒரு ராத்திரியைச் சொல்லச் சொல்லுங்கள். அண்ணியை முன் வரிசையில் உட்கார வைத்து முதல் நன்றியை அவருக்குச் சொல்லுங்கள். மாசி, பங்குனி வாரக்கடைசிகள் எல்லாம் அவர் கணக்கில்தான் போயின. எங்கள் அண்ணி மைக்கை வாங்கி, ‘இனிமே மணல் கூட்ட வேண்டியதில்ல’ என்று ஒரே வரி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். கைதட்டல் அதற்குத்தான் அதிகம்.

சாப்பாட்டுக்குத் தட்டுவடை செட் வைப்பதானால் தட்டுவடை, கேரட், பீட்ரூட் துருவல், சட்னி எல்லாவற்றையும் தனித்தனியாகக் கொண்டு போய் அங்கேயே சேர்த்துக் கொடுங்கள். கீழிருந்து கட்டிக்கொண்டு போனால் நமுத்துப்போகும்.

வாட்ஸ்அப் குழுவிலிருந்து அவரை எடுக்காதீர்கள். ஆனால் வண்டிக்கு ஆள் கிடைக்கவில்லை என்று அதில் போடாதீர்கள். பார்த்தாரென்றால் சாவியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்.