உள்ளரங்கக் கஞ்சா, ஹெம்ப் (போதை குறைந்த கஞ்சா வகை) பயிர்களில் அசுவினி: இனங்காணலும் கட்டுப்பாடும்

கனடாவில் 2018 அக்டோபரில் கஞ்சா சட்டபூர்வமானபின், உரிமம் பெற்ற வளர்ப்பறைகளில், செடிச்சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சியான அசுவினி ஓர் அன்றாடத் தலைவலியாகிவிட்டது. மருந்தைத் தேடுமுன் எந்த அசுவினி என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஏனெனில் இலையில் வாழ்வதும் வேரில் வாழ்வதும் வெவ்வேறு இனங்கள்.

கஞ்சா அசுவினி வெளிறிய மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில் இலையின் அடிப்புறத்திலும் இளந்தண்டிலும் ஒட்டியிருக்கும். உரித்துப் போட்ட வெண்ணிறத் தோல்களும், இலைமேல் பிசுபிசுக்கும் தேன் போன்ற கழிவும், அதன்மேல் படரும் கரும்பூசணமும் அதைக் காட்டிக்கொடுக்கும். நெல் வேர் அசுவினியோ கரும்பச்சையாக, பின்புறம் செந்நிறச் சாயலோடு, வேர்களில் மறைந்திருப்பதால், செடி சோர்ந்து வெளிறும்போது உரக்குறை என்றே பலரும் நினைக்கிறார்கள். அதன் இறக்கையுள்ள பூச்சிகள் மஞ்சள் ஒட்டுப்பொறியில் சிக்கினாலும் ஈர மண்ணில் பெருகும் பூஞ்சை ஈ என்று ஒதுக்கிவிடுவார்கள். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள்: ஈக்கு ஒரு சோடி இறக்கை, அசுவினிக்கு இரண்டு சோடி, வயிற்றின் பின்புறம் இரு சிறு குழல்களும் உண்டு.

உள்ளரங்கில் பெண் அசுவினிகள் ஆணின்றியே குட்டி ஈனுவதால், தப்பிய ஒன்றே போதும். பெரும்பாலும் அது வெளியிலிருந்து வாங்கிய தண்டுத் துண்டுகளோடுதான் நுழைகிறது. ஆகவே புதியவற்றைத் தனியறையில் வைத்து, வேரையும் சேர்த்துச் சோதித்த பின்னரே உள்ளே விட வேண்டும்.

இலையில் கண்டால், பூக்குமுன் பூச்சிக்கொல்லி சோப்புக் கரைசலையோ, பூச்சிகளைத் தாக்கும் பவேரியா பேசியானா பூஞ்சையையோ இலையின் அடிப்புறம் நனையத் தெளிக்கலாம். தெளிப்பு படாத பூச்சி சாகாது என்பதால், சில நாள் இடைவெளியில் திரும்பத் தெளிக்க வேண்டும். கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழுக்கள் நன்கு வேட்டையாடும். அசுவினியைத் தின்னும் புழுக்களை உடைய அபிடோலெடிஸ் ஈயை விடுவதானால், நாளுக்கு 18 மணி நேர ஒளி தரும் வளர்ச்சிப் பருவமே ஏற்றது; பூக்கவைக்க ஒளியை 12 மணியாகக் குறைத்தால் அது உறக்கநிலைக்குப் போய்விடும்.

பூ வந்தபின் தெளிப்பதை நான் ஏற்பதில்லை. புகைத்து உள்ளிழுக்கப்படும் பூவில் படியும் எச்சத்தைக் கழுவி நீக்க வழியில்லை. கனடாவில் விற்பனைக்கு முன் பூச்சிக்கொல்லி எச்சச் சோதனையும் கட்டாயம். அந்நிலையில் மிகுதியாகத் தாக்கப்பட்ட செடியை உறையிலிட்டு அகற்றுவதே மலிவு.

அறுவடைக்குப்பின் அறையை வெறுமையாக்கி, இலைத்துணுக்குகூட மிஞ்சாமல் கழுவுங்கள். கஞ்சா இனச் செடியன்றி வேறு உணவில்லாத கஞ்சா அசுவினி அதிலேயே மடிந்துவிடும். புல்லினங்களின் வேரிலும் வாழும் நெல் வேர் அசுவினிக்கு, செடி வேரூன்றியிருந்த பழைய வளர்ப்பு ஊடகத்தையும் சேர்த்து அப்புறப்படுத்த வேண்டும்.